ஐயா எந்தப் பதவியில் வந்திருக்கிறார்?

மேடையில் மைக் பிடிக்கிற வேலையில் பேசுவது ஒன்றுதான் லேசு. பேச ஆரம்பிக்கும் முன் யாரை எந்த வரிசையில் விளிப்பது என்பதில்தான் உயிர் போகும்.

நான் இல்லத்தரசி. பினாங்கு ஜார்ஜ் டவுனில் குடியிருப்பு. கான்வென்ட் சிஸ்டர்கள் புகட்டிய ஆங்கிலம், அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ், பக்கத்து வீட்டு மக்சிக் என்கிற மலாய் அத்தையிடம் சண்டை போட்டே கற்ற மலாய், மூன்றும் தடுமாறாமல் வரும். ஒரு கல்யாண விருந்தில் வர வேண்டிய அறிவிப்பாளர் வராமல்போக, சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு விட்ட கோழிக்கறியை இன்னும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் கூட்டம், பள்ளிப் பரிசளிப்பு, சங்க ஆண்டுவிழா என்று எல்லா இடத்திலும் நான்தான். ஜுருவில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தமே இல்லை. "வீட்டுல பேசுற பேச்ச கொஞ்சம் வெளியில போய் எறக்கி வச்சுட்டு வா, எனக்கு ரெஸ்டு" என்றார்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, டத்தோ, டத்தோஸ்ரீ, துன், மாண்புமிகு என்று பட்டம் பட்டமாக ஒருத்தி வாசித்துக்கொண்டே போக, கொட்டாவியை அடக்கியபடி உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த ஒருத்தி நான்தான். என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் அவளுடைய கஷ்டத்தையும் ஒரு தடவை கேளுங்கள். எல்லாவற்றையும் சொன்னால் பொழுது போதாது. ஒரே ஒரு விருந்தாளியை வைத்து நாங்கள் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

ஆள் ஒன்று, பதவி ஆறு

எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தின் செயலாளர் பாலன் அண்ணன், பேங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் வீட்டுக்கே வந்து, இந்தியாவிலிருந்து ஒரு முன்னாள் ஆளுநர் பினாங்குக்கு வருகிறார், சங்க விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டுவிட்டார், அறிவிப்பு நீதான் என்றார். கூடவே அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் நீட்டினார்.

படித்தேன். தமிழர். முதலில் வழக்கறிஞர். அப்புறம் உயர் நீதிமன்ற நீதிபதி. அப்புறம் ஏதோ ஒரு நாட்டுக்குத் தூதர். அப்புறம் வடக்கே ஒரு மாநிலத்துக்கு ஆளுநர். அதே நேரத்தில் பக்கத்து மாநிலத்துக்கும் கூடுதல் பொறுப்பாக ஆளுநர். சரி, இத்தோடு முடிந்தது, மனிதர் ஓய்வெடுத்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், அடுத்த வரியில் தேர்தலில் நின்று ஜெயித்து மத்திய அமைச்சர் ஆகியிருக்கிறார். எனக்குத் தலை சுற்றியது. நீதிபதிக்கு நீதியரசர், தூதருக்கு மேதகு, அமைச்சருக்கு மாண்புமிகு, ஆளுநருக்கு மறுபடி மேதகு. எதை முதலில் வாசிப்பது, எதை விடுவது? எங்கள் சிஸ்டர் ஒருவர், ஒரு வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும் என்று பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்தவர். இந்த மனிதரின் பெயருக்குப் போய்ச் சேரவே எனக்கு மூன்று மூச்சு வேண்டும்.

எதையாவது குறைக்கலாமா என்று பாலன் அண்ணனைக் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "தங்கச்சி, அவரு கஷ்டப்பட்டு ஆறு வேல பாத்திருக்காரு, நீ அத ஒக்காந்து வாசிக்கக்கூட மாட்டேங்கறியா?"

நம்ம டி.ஒய்.டி. மாதிரியா?

கமிட்டி கூடியது. முதல் கேள்வியே இதுதான். பினாங்கில் ஆளுநர் என்றால் எங்களுக்குக் குழப்பமே கிடையாது. மலாய்ப் பட்டத்தைச் சுருக்கி டி.ஒய்.டி. என்போம். முதலமைச்சர் ஆட்சியை நடத்துவார், டி.ஒய்.டி. எல்லோருக்கும் மேலே, அரசியலுக்கு வெளியே இருப்பார். அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அவர் உட்காரும்வரை ஒருத்தரும் உட்காரக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த மனிதரோ ஆளுநராக இருந்துவிட்டு, அப்புறம் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டிருக்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் அதை நம்பவே இல்லை, குறிப்பில் அச்சுப்பிழை என்றார்கள். இரண்டு மாநிலத்துக்கு ஒரே ஆள் என்றதும் இன்னும் மோசம். நம்ம டி.ஒய்.டி.யைக் கூப்பிட்டு, போகிற போக்கில் மலாக்காவையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுவார்களா? பாலன் அண்ணன் போனில் தேடிப்பார்த்து, அங்கே சில சமயம் மாநில ஆட்சி கலைந்துவிட்டால் முதலமைச்சரே இல்லாமல் ஆளுநர் பெயரிலேயே ஆட்சி நடக்குமாம் என்று வேறு வாசித்துவிட்டார். அப்படியானால் காலையில் முதலமைச்சர் வந்து ஆளுநரை வணங்க வேண்டுமே, யார் யாரை வணங்குவது என்று பெரிய வாக்குவாதம். நானும் சேர்ந்துதான் குழம்பினேன், பொய் சொல்வானேன்.

கடைசியில் கமிட்டியின் முடிவு: இப்போது அவர் எதுவுமில்லாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று டி.ஒய்.டி.க்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்துவிடுவது. பொருளாளர் கையைத் தூக்கி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அவரு உள்ள வர்றப்ப அமைச்சரா வந்தா ஒக்காந்திருக்கலாம், கவர்னரா வந்தா நிக்கணும், வாசல்ல யாராச்சும் கேட்டுச் சொல்லுவீங்களா?"

எந்த மாநிலத்துப் பாட்டு

ஒலிபெருக்கிக்கு எப்போதும் ஹமீது பாய்தான். பழைய பாட்டுகளும் புதுப் பாட்டுகளும் நாட்டுப்பண்ணும் ஒரே பெட்டியில் வைத்திருப்பார், எது கேட்டாலும் வந்துவிடும். பாலன் அண்ணன் அவரிடம், ஆளுநர் வருகிறார், நாட்டுப்பண் நெகாராகூவுக்குப் பிறகு மாநில கீதம் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஹமீது பாய் நேரே எனக்குப் போன் போட்டார். எந்த மாநிலத்துக் கீதம், பினாங்குக் கீதமா, அவருடைய கீதமா, அவருக்குத்தான் இரண்டு மாநிலமாமே என்று கேட்டார்.

நான் வெந்தயக்களி கிளறிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். அந்த நேரத்தில் இந்தக் கேள்வி. எனக்குத் தெரியாது, பாலன் அண்ணனைக் கேளுங்கள் என்றேன். பாலன் அண்ணன் உங்களைக் கேட்கச் சொன்னார் என்றார். அப்புறம் அவரே முடிவெடுத்தார். "நெகாராகூ போடுறேன்க்கா, எல்லாரும் நிப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் ஒக்கார்றதுக்கு முன்னால நாதஸ்வரத்த விட்டுடுறேன், அது எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்."

ஒரே ஒரு நிமிஷம்

இந்த இடத்தில் புஷ்பா டீச்சரைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் உண்மையாகவே கவலைப்பட ஒரு காரணம் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு அவள் தலைமையாசிரியை. தோட்டத்தில் இப்போது குடும்பங்களே இல்லை. எல்லோரும் டவுனில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அப்பாமார்கள் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செம்மண் பாதையில் வர வேண்டும். மழை பெய்தால் பாதி வகுப்பு காலி. வருஷா வருஷம் இரண்டு மூன்று குடும்பம், இனி முடியாது டீச்சர் என்று சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடும். டவுனில் ஒரு காலி நிலம் இருக்கிறது. அது கிடைத்தால் பள்ளியை அங்கே மாற்றலாம். மாற்றாவிட்டால் கொஞ்ச நாளில் பள்ளியில் டீச்சர்கள் மட்டும்தான் இருப்பார்கள். நிலத்துக்கு ஒரு ஆபீஸ் கதவு, பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஆபீஸ் கதவு. இந்தக் கதவைத் தட்டினால் முதலில் அந்தக் கதவைத் தட்டு என்கிறார்கள், அங்கே போனால் இங்கே. வட்டார சட்டமன்ற உறுப்பினர் மனது வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் நகரும். சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் ஒய்.பி. என்போம்; இந்த ஒய்.பி. நல்ல மனிதர், இளைஞர், தமிழர். ஆனால் அவரைப் பிடிக்க முடியாது. ஒரே நாளில் நாலு விழாவில் தலையைக் காட்டுகிறவர்.

முன்னாள் ஆளுநர் வருகிறார் என்றதும் ஒய்.பி.யும் எங்கள் விழாவுக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டார். புஷ்பா தன் பிள்ளைகளை வரவேற்பு நடனத்துக்கு அழைத்துவருகிறேன் என்று சொல்லி, என்னிடம் ஒன்று கேட்டாள். நடனம் முடிந்ததும் மேடையில் ஒரு நிமிஷம், ஒய்.பி. முன்னால் பேச. நான் சரி என்றேன். பாலன் அண்ணனிடம் கேட்டேன். விளிகளுக்கும், வாழ்க்கைக் குறிப்புக்கும், எழுந்து நிற்பதற்கும், உட்காருவதற்குமே நேரம் போதவில்லை என்று அடித்துவிட்டார். மனுவை வேண்டுமானால் தட்டில் வைத்துக் கொடுக்கட்டும் என்றார். இதைப் புஷ்பாவிடம் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லக்கா. ஒரு ஆளோட ஆறு பதவிக்கு நேரம் இருக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு இல்ல. நான் தட்டோடயே வரேன்."

வலது பக்கம்

விழா அன்று நாற்காலிப் பிரச்சனை. நடுவில் முன்னாள் ஆளுநர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கு வலது பக்கம் யார், இடது பக்கம் யார்? ஒய்.பி.யின் உதவியாளர் வந்து, எங்கள் ஒய்.பி. இப்போது பதவியில் இருப்பவர், அவர் முன்னாள், ஆகவே ஒய்.பி. நடுவில் என்றார். பாலன் அண்ணன், ஆளுநருக்கு மேலே யாரும் கிடையாது என்றார். அவர்தான் இப்போது ஆளுநர் இல்லையே என்றார் உதவியாளர். பிறகு அமைச்சராகவும் இருந்தவர் என்றார் பாலன் அண்ணன். அதுவும் இப்போது இல்லையே என்றார் அவர். இப்படியே போனால் விருந்தாளியை வெளியில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் நாற்காலியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒய்.பி. வலது பக்கம், சங்கத் தலைவர் இடது பக்கம் என்று நான் பெயர் அட்டைகளைப் போட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லியான ஒருவர் என்னைத் தேடி வந்தார். விருந்தாளியோடு இந்தியாவிலிருந்து வந்த செயலாளர், பல வருஷமாக அவர் கூடவே இருப்பவர். எந்த விழாவானாலும் ஐயாவுக்கு வலது பக்கம் ஒட்டி ஒரு சின்ன நாற்காலி தனக்கு உண்டு, அது எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூன்றாம் வரிசையில் நல்ல இடம் இருக்கிறது, காற்றாடிக்கு நேர் கீழே என்றேன். அவர் போகாமல் நின்றார். ஏதாவது கஷ்டமா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லம்மா. அவருக்கு வலது பக்கம் யார் உட்கார்றாங்களோ அவங்களுக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை, வாசலில் மேளம் அடித்துவிட்டது.

எந்தப் பதவி

விருந்தாளி வந்து இறங்கினார். நல்ல உயரம், தும்பைப்பூ வேட்டி, குரல் மட்டும் மெலிசு. எல்லோரும் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதி குனிந்து நின்றார்கள். எங்கள் பொருளாளர் இரண்டு தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தார். நெகாராகூ முடிந்து நாதஸ்வரம் வந்த பிறகும் விருந்தாளி நிற்பதை விடவில்லை. அதுதான் எங்கள் மாநில கீதம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. அவர் நிற்கவே கூட்டமும் நின்றது. ஹமீது பாய் பயந்துபோய் நிறுத்தினார்.

நான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் லேசாக என் பக்கம் சாய்ந்தார். மூன்று மூச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான், இவ்வளவு பெரிய மனிதர் என்ன கேட்கப்போகிறார் என்று காதைக் கொடுத்தேன். அவர் கேட்டது இதுதான். "அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இன்னைக்கு நான் இங்க எந்தப் பதவியில வந்திருக்கேன்?"

தட்டு கை மாறியது

அந்தக் கேள்விக்குப் பதிலாக விளிகளை வாசிக்க ஆரம்பித்தேன். நீதியரசர் வந்தார், மேதகு வந்தார், மாண்புமிகு வருவதற்குள் ஒய்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவருடைய உதவியாளர் பக்கவாட்டில் நின்றுகொண்டு கார் சாவியை ஆட்டிக் காட்டினார். அடுத்த விழா பட்டர்வொர்த்தில், பாலம் நெரிசல், கிளம்பிவிடுவார். ஓரத்தில் புஷ்பா தட்டோடு நின்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன மாலை, அதன் கீழே மனு. ஆடி முடித்த பிள்ளைகள் அவள் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

மீதிப் பதவிகளை விழுங்கினேன். கூடுதல் ஆளுநரையும் மத்திய அமைச்சரையும் ஒரே விழுங்கு. அடுத்து தோட்டத்துப் பள்ளியின் அன்பளிப்பு என்று அறிவித்துவிட்டேன். பாலன் அண்ணன் கையை ஆட்டினார், நான் பார்க்கவில்லை. புஷ்பா வேகமாக ஏறி நேரே ஒய்.பி. பக்கம் போனாள். பாலன் அண்ணன் குறுக்கே பாய்ந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி மேடையில் பெரியவர் இருக்கும்போது சின்னவர் கையில் முதலில் எதையும் கொடுக்கக் கூடாது. தட்டு விருந்தாளிக்குத்தான் போக வேண்டும். புஷ்பா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். இந்த ஊர் நிலத்துக்கான மனு, இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத மனிதரின் கைக்குப் போகிறது. நாளை விமானத்தில் அவரோடு போய்விடும்.

அவள் தட்டை நீட்டினாள். பெரியவர் மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனுவைக் கண்டதும் அவருடைய முகமே மாறிவிட்டது. அதுவரை எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று எங்களை மாதிரியே முழித்துக்கொண்டிருந்த மனிதர், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை வருஷம் எத்தனை நாற்காலியில் இப்படி மனு வாங்கியிருப்பார். "என்னம்மா வேணும்?" என்று புஷ்பாவைக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு நிலம் ஐயா, பிள்ளைகள் மழையில் வர முடியவில்லை என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் மனுவைப் பிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கை தானாக வலது பக்கம் நீண்டது, செயலாளர் உட்கார வேண்டிய இடத்துக்கு. "இது நியாயமான கோரிக்கை. இந்த மாசத்துக்குள்ள முடிச்சு எனக்குச் சொல்லுங்க."

வலது பக்கத்தில் இருந்தது ஒய்.பி.

அவர் வளர்ந்த வளர்ப்பு அப்படி. பெரியவர் ஒன்றை நீட்டினால் எழுந்து இரண்டு கையாலும் வாங்கத்தான் தெரியும். வாங்கிவிட்டார். "சரிங்கய்யா" என்று வாயும் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். மூன்றாம் வரிசையில் காற்றாடிக்குக் கீழே அந்தச் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

மண்டபத்தில் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. ஆனால் மைக் என் கையில் இருந்தது. தோட்டத்துப் பள்ளியின் நிலக் கோரிக்கையை மாண்புமிகு ஒய்.பி. அவர்கள் ஏற்றுக்கொண்டு, இந்த மாதத்துக்குள் முடித்துத் தருவதாக மேடையில் வாக்களித்துள்ளார் என்று ஒரே மூச்சில் அறிவித்தேன். சிஸ்டர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எழுந்து நின்று தட்டினார்கள், இந்தத் தடவை யாருக்கும் நிற்பதா உட்காருவதா என்ற சந்தேகம் வரவில்லை. எல்லோருடைய போனும் மேலே உயர்ந்து படம் எடுத்தது. ஒய்.பி. என் பக்கம் திரும்பி, மைக்குக்குக் கேட்காமல், சிரித்த முகத்தோடு சொன்னார். "அக்கா, நீங்க ஒரு பெரிய ஆளுலா."

யார் சொன்னது

அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒய்.பி.யின் உதவியாளர் எனக்குப் போன் செய்தார். வேலை ஆரம்பித்துவிட்டது, ஆனால் கோப்பில் யாருடைய பரிந்துரை என்று எழுத வேண்டும், அந்த ஐயா இப்போது என்ன பதவியில் இருக்கிறார் என்று கேட்டார். ஒன்றிலும் இல்லை என்றேன். அப்படி எழுத முடியாதே என்றார். அவர் இருந்த பதவிகளைச் சொல்லவா என்று கேட்டு, முதல் பதவியிலிருந்து ஆரம்பித்தேன். விழாவில் விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. நாலாவது பதவியில் அவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். "போதும்க்கா, போதும். 'ஐயா'ன்னே எழுதிடுறேன்."

மாதம் முடிவதற்குள் புஷ்பாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் மோட்டார் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது. டவுனில் அந்தக் காலி நிலத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாளாம். அளப்பதற்கு ஆட்கள் வந்து லாலாங் புல்லை வெட்டி முளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டடம் எழும்ப இன்னும் எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அடுத்த வருஷம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்த இரண்டு அம்மாக்கள் முளை அடிப்பதைப் பார்க்க வந்து நிற்கிறார்களாம். அழுதாளா சிரித்தாளா என்பதிலும் எனக்குக் குழப்பம்தான். கடைசியில் சொன்னாள். "அக்கா, அளக்க வந்த ஆபீசர் இது யாரு சொல்லி நடக்குதுன்னு கேட்டாரு. கவர்னருன்னு சொன்னேன். எந்த ஊரு கவர்னருன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல."

இத்தனை வருஷம் மைக் பிடித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றே ஒன்றுதான்: ஆள் பதவியை விட்டு இறங்கினாலும் கை இறங்குவதில்லை, ஆகவே அந்தக் கை நீள்கிற பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதை மட்டும் கமிட்டியிடம் விடாதீர்கள்.